மாமனார் பேரில் ஒரு பேரினம்

மனிதர்களின் பெயரை வைக்க உலகத்தில் பல இடங்கள் இருக்கின்றன. தெரு, பாலம், நூலகம், பூங்காவில் நாய்கள் மோந்துவிட்டுப் போகும் சிமெண்ட் பெஞ்சு. இதில் எதுவும் வாய்க்காத ஒரு குழாய்க்காரருக்கு, கழிவுக் குழாயின் உள்சுவரில் குடியிருந்த ஒரு பாக்டீரியாவின்மேல் இடம் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியவள் அவருடைய மருமகள். இது அவளுடைய கதை. இல்லை, என்னுடையது என்று குழாய்க்காரர் சொல்வார். அவர் அப்படித்தான்.

மருமகளுக்கு ஊர்க்கோடியில் இருக்கும் நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் வேலை. பால் கெட்டுப்போனால், தண்ணீர்த் தொட்டியில் வாடை வந்தால், கண்ணில் விடும் மருந்தில் நூல் நூலாக ஏதாவது மிதந்தால், அதைக் குப்பியில் அடைத்து இங்கே அனுப்புவார்கள். அவள் ஒரு துளி எடுத்து, கூழ் உறைந்திருக்கும் வட்டத் தட்டில் இழுத்துவிட்டு, கதகதப்பான பெட்டிக்குள் வைப்பாள். மறுநாள் தட்டில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமிக் கூட்டம். நிறம் என்ன, பளபளப்பு என்ன, எந்தச் சர்க்கரையைத் தின்கிறது, எதைத் தொட மாட்டேன் என்கிறது என்றெல்லாம் பார்த்து, இவர் இன்னார் என்று எழுதி அனுப்புவாள். ஆள் அடையாளம் காட்டும் வேலை. காவல் நிலையத்தில் செய்தால் மரியாதை. இங்கே செய்தால் பக்கத்து மேசைக்காரர்கள் ‘கொழகொழ அக்கா’ என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. வழவழ என்று கூப்பிடாதவரை சரி என்பாள்.

ஐம்பதைத் தாண்டியவள். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவள். கை கழுவ ஆரம்பித்தால் முடிக்கத் தெரியாதவள். “நீ கை கழுவி முடிக்கறதுக்குள்ள நான் ஒரு கண்டத்தையே நடத்தி முடிச்சுருவேன்” என்பார் அவள் கணவர்; பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். மனிதர்களிடம் அவளுக்குப் பேச்சு குறைவு. தட்டுகளிடம் பேசுவாள். “என்ன, மூஞ்சி வெளிறிக் கெடக்கு? ராத்திரி குளிரா?” என்று அவள் விசாரிப்பது அடுத்த அறைவரை கேட்கும்.

அவளுக்கும் மாமனாருக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது. ஆகும் என்றும் சொல்ல முடியாது. கிருமி வளர்க்கிற பெண்ணை மகன் கட்டிக்கொண்டு வந்தபோது அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தம்ளரை மட்டும் தனக்கென்று ஒதுக்கி, தானே கழுவி, தன் அறை ஜன்னலில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். மாமியார் இருந்தவரை அவர் நடுவில் தூது போனார். “மாமா டீ கேக்கறாரு.” “அடுப்புல இருக்குன்னு சொல்லுங்க அத்தை.” மாமியார் காலமானதும் தூதும் நின்றது. டீ மேசைமேல் இருக்கும். அவர் தம்ளரோடு வந்து ஊற்றிக்கொண்டு போவார். சண்டை போட்டிருந்தால்கூடச் சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும்.

அவருக்கு ஒரு தம்பி, கட்டட ஒப்பந்தக்காரர். தம்பி எழுப்பிய அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், எந்த மூலையில் நின்றாலும் தெரிகிற அளவில், தம்பியின் பெயர் இருக்கிறது. அதன் குழாய்கள் அத்தனையும் அண்ணன் போட்டவை. குழாய்கள் சுவருக்குள் இருக்கின்றன. சுவருக்குள் இருப்பதை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? அந்தத் தெருவில் போக நேர்ந்தால் குழாய்க்காரர் எதிர்ப்பக்க நடைபாதையில் கடைகளைப் பார்த்தபடியே நடப்பார். பெண்களின் உள்ளாடைக் கடை வந்தாலும் பார்வையைத் திருப்ப மாட்டார்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கட்டடத்தில் எங்காவது அடைத்துக்கொண்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்பது அவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. அப்படிப் போன ஒரு நாள், சமையலறைக் கழிவுக் குழாய் ஒன்றை அறுத்தெடுத்தார். உள்ளே ரோஜா நிறத்தில், நாக்கு மாதிரி தடிமனாக ஒரு கொழகொழப்பு ஒட்டியிருந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்தவர், மருமகள் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த அவளுடைய சாப்பாட்டு டப்பாவை மேசைமேல் வைத்தார்.

“ஏம்மா, இதப் பாரு.”

“என்ன மாமா?”

“உனக்குப் புடிக்குமேன்னு எடுத்தாந்தேன்.”

திறந்தாள். குழாய்த் துண்டு.

“என் டப்பாவுலயா மாமா?”

“என்னோடது இதுக்குப் பத்தாது.”

இந்த இடத்தில் வேறொரு மருமகள் என்ன செய்திருப்பாள் என்று நமக்குத் தெரியும். இவள் டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, “அழகா இருக்கு” என்றாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் அவளுக்கென்று கொண்டுவந்து கொடுத்த முதல் பொருள் அது.

தட்டில் இழுத்துவிட்டாள். ரோஜா நிறப் புள்ளிகள் முளைத்தன. அதில் நன்றாகக் கொழுத்த ஒன்றை எடுத்துப் புதுத் தட்டில் இழுத்தாள். அதில் கொழுத்ததை எடுத்து அடுத்த தட்டில். கிருமியைத் தனியாகப் பிரிப்பது இப்படித்தான். ஒரே புள்ளியிலிருந்து திரும்பத் திரும்ப வளர்த்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது ஒரே குலம் என்று கணக்கு. சோனியாக முளைத்த புள்ளிகள் அடுத்த தட்டில் செத்துப்போயின. அவற்றை விட்டுவிட்டாள். யாராக இருந்தாலும் கொழுத்ததைத்தான் எடுப்பார்கள்.

மரபணுவை வாசிக்க வெளியே ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினாள். அவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, “நடுவுல வேற ஏதோ கொஞ்சம் கலந்திருக்கு மேடம். தூசியா இருக்கும். தள்ளிடலாமா?” என்றார்கள். தள்ளிடுங்க என்றாள். தள்ளிவிட்டு அவர்கள் அனுப்பிய வரிசையை, உலகத்தில் இதுவரை பெயரிடப்பட்ட பாக்டீரியாக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சொந்தக்காரர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. தூரத்துச் சொந்தம்கூட, ரயிலில் போய், இறங்கி, விசாரித்துக் கண்டுபிடிக்கவேண்டிய தூரத்தில் இருந்தது.

புதுச் சிற்றினம் கிடைப்பது பெரிய விஷயமில்லை. இருக்கிற வீட்டில் இன்னொரு பிள்ளை பிறந்த மாதிரி. பேரினம் என்பது வீடு. முன்பின் தெரியாத ஒரு வீடு, கதவும் திண்ணையுமாகக் குழாய்க்குள் இருந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வைத்த பெயர்களையே எழுதிக்கொண்டிருந்தவளுக்கு, முதல்முறையாகத் தானே ஒரு பெயர் வைக்கும் வாய்ப்பு வந்திருந்தது.

மாமனார் பெயரை வைத்தாள். ‘மாதிரியைக் கொண்டுவந்து கொடுத்த குழாய்த் தொழிலாளியின் நினைவாக’ என்று கட்டுரையில் காரணம் எழுதினாள். ‘நினைவாக’ என்பதை அடித்து, ‘சிறப்பிக்கும் பொருட்டு’ என்று மாற்றினாள். ஆள் பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருந்தார்.

கிருமிகளுக்குப் பெயர் வைக்கத் தனிச் சட்டப் புத்தகம் உண்டு. குழந்தைகளுக்குப் பெயர் வைக்க அப்படி ஒன்று இல்லை. விளைவைப் பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது வாத்தியார்கள் அனுபவிக்கிறார்கள். அந்தச் சட்டப்படி, ஆள் பெயரை எடுத்து இலத்தீன் வால் ஒட்டினால், ஆளுக்கு மீசை இருந்தாலும் சரி, பேரினப் பெயர் பெண்பால்தான். இதை அவரிடம் மறைக்காமல் சொன்னாள்.

“அப்ப நான் பொம்பளையா?”

“நீங்க இல்ல மாமா. கிருமிதான்.”

“கிருமி எம் பேருதான?”

“ஆமா.”

மீசையைத் தடவிக்கொண்டார். “சரி, வுடு. தம்பி பேருல நிக்கறது கட்டடம். அது அஃறிணை. பொம்பளைன்னாலும் இது உயர்திணையாச்சுல்ல.”

அந்த வாரம் ஜன்னலில் கவிழ்ந்திருந்த தம்ளர் சமையலறைக்கு வந்து மற்ற தம்ளர்களோடு கலந்துகொண்டது. மருமகள் கழுவும்போது அதை ஒருமுறை கூடுதலாகக் கழுவினாள்.

குழாய்க்காரர் முடிவெட்டும் கடையில் ஆரம்பித்தார். பிறகு தபால்காரர், மருந்துக்கடைப் பெண், இரும்புக் கடை. தன் பெயரில் ஒரு கிருமி வருகிறது என்றார். “என்ன நோய் வரும் அதால?” என்று இரும்புக் கடைக்காரர் கேட்டதற்கு, “உனக்கு வரணும்னா ஏற்பாடு பண்றேன்” என்றார். தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னார். தம்பி நெடுநேரம் சிரித்தாராம். “சிரிக்கட்டும். கட்டடம் எத்தனை நாளு நிக்கும்? இதெல்லாம் மனுசன் பொறக்கறதுக்கு முன்னாடியிருந்தே இருக்கு” என்று மருமகளிடம் வந்து சொன்னார். மருமகள் என்று பாராமல் அவளிடம் அவர் சொன்ன முதல் அந்தரங்கம் அது.

சட்டப் புத்தகத்தில் இன்னொரு விதி. பெயர் செல்ல வேண்டுமானால், அந்தக் கிருமி வேறு எதுவும் கலக்காமல் தன்னந்தனியாக வளர வேண்டும். அதை இரண்டு வெவ்வேறு நாடுகளின் காப்பகங்களில் கொடுத்து வைக்க வேண்டும். கேட்கிறவர்களுக்கு அவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். அவளும் அனுப்பினாள். இரண்டு இடத்திலிருந்தும் வந்துசேர்ந்தது, நலம் என்று பதில் வந்தது. கட்டுரையை இதழ் ஏற்றுக்கொண்டது. அச்சுக்கு முன் ஒருமுறை பார்த்து அனுப்பச் சொல்லிப் பக்கங்கள் வந்தன. அவ்வளவுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துக் கதகதப்புப் பெட்டி கெட்டது. சூடு ஏறவில்லை. தட்டுகள் வழக்கத்தைவிட மெதுவாக வளர்ந்தன. காலையில் ஒரு தட்டை எடுத்துச் சாய்த்துப் பார்த்தவள், “என்னடா இது, மாவு கொட்டின மாதிரி” என்றாள். ஒவ்வொரு ரோஜாப் புள்ளியையும் சுற்றி, ஊசிமுனை அளவில், நிறமே இல்லாத பொடிப்புள்ளிகள். ரோஜாவுக்குப் பக்கத்தில் மட்டும். தள்ளிப்போனால் ஒன்றுகூட இல்லை.

தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

பிறகு செய்ய வேண்டியதைச் செய்தாள். சூடு குறைந்ததில் புள்ளிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளாமல் விலகி முளைத்திருந்தன. ரோஜாவை மட்டும் தனியாக எடுத்து வளர்த்தாள், ஜோராக வளர்ந்தது. ஆள் யாரென்று பார்த்தாள். பழைய ஆள். எல்லாக் குளியலறையிலும் இருக்கிறவர், யாரோ ஒருவர் என்றைக்கோ பெயர் வைத்துவிட்டுப் போனவர். பொடியை மட்டும் தனியாக எடுத்து வளர்த்தாள். வரவில்லை. கூழை மாற்றினாள், உப்பைக் கூட்டினாள், குறைத்தாள். வரவில்லை. ரோஜாவைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தால் மட்டும் வந்தது.

புதுக் குலம் அந்தப் பொடிதான். ரோஜா அதற்கு என்னவோ ஊட்டிக்கொண்டிருந்தது. கொழுத்த புள்ளியையே தேடித் தேடி எடுத்தவள், ஒவ்வொரு முறையும் இரண்டையும் சேர்த்தே எடுத்திருக்கிறாள். கொழகொழப்புக்குள் மாட்டிக்கொண்டு கொஞ்சமே வெளியே வந்த ரோஜாவின் மரபணுவைத்தான் நிறுவனக்காரர்கள் தூசி என்றார்கள். தள்ளச் சொன்னது அவள். மரபணு பொடியினுடையது, கட்டுரையில் அவள் வர்ணித்த நிறம், தின்னும் சர்க்கரை, நீந்தும் விதம் எல்லாம் ரோஜாவினுடையது. ஒருவர் தலையை இன்னொருவர் உடம்பில் ஒட்டி, இவர் புது ஆள் என்று உலகத்துக்கு அறிவிக்கப் போகிறாள். ‘செல்கள் சில நெடியவை, சில குறுகியவை’ என்று அவள் கையாலேயே எழுதியிருந்தாள். பார்த்தவளுக்கு அப்போது உறைக்கவில்லை. காப்பகத்தாருக்கும் உறைக்கவில்லை. அவர்களும் கொழுத்த புள்ளியைத்தான் எடுத்திருப்பார்கள்.

ஆய்வுக்கூடத் தலைவருக்கு ‘ஆகட்டும்’ என்று பெயர். கூரை ஒழுகுகிறது என்றாலும் ஆகட்டும், புதுப் பெட்டி வேண்டும் என்றாலும் ஆகட்டும். அவரிடம் போய்ச் சொன்னாள். அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் இல்ல சார்.”

“அப்ப வெளிய வரட்டும். பின்னாடி ஒரு திருத்தம் போட்டுக்கலாம். திருத்தம் போடறதும் ஒரு கட்டுரைதான?”

“பேரு செல்லாது சார்.”

“செல்லாதுன்னு யாராவது சொல்லட்டுமே. ஆகட்டும்.”

அவர் கெட்டவர் இல்லை. ஆண்டு விழா உரையில் அந்தப் பெயரைச் சேர்த்து, மனப்பாடமும் செய்து வைத்திருந்தார். இலத்தீனை மறப்பது கஷ்டம்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஆற்றைக் கொண்டுபோய் மலைமேல் ஏற்றிவிட்ட ஒரு பையனுக்கு மதிப்பெண் போடலாமா என்ற யோசனையில் இருந்தவர், சிவப்புப் பேனாவை மூடினார்.

“அப்பாகிட்ட சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“சொல்லாத.”

“எப்படிங்க சொல்லாம இருக்கறது?”

“சரி, சொல்லு. ஆனா நான் ஊர்ல இல்லாதப்ப சொல்லு.”

அவர் எந்த ஊருக்கும் போவதாக இல்லை. எனவே அவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சொன்னாள். குழாய்க்காரர் சமையலறைத் தொட்டிக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. முகம் பார்க்காமல் சொல்வதற்கு வசதியாக இருக்கும் என்று நினைத்துவிட்டாள். ஒன்று இல்லை, இரண்டு, கலந்துபோயிருக்கிறது, தனியாக வளராதது, பெயர் நிற்காது. எல்லாம் சொன்னாள். திருகும் சத்தம் நின்றது.

“ரெண்டும் சேர்ந்து இருந்தா என்ன? குடும்பம்னா சேர்ந்துதான் இருக்கும்.”

“ரெண்டு குடும்பம் மாமா. ஒரு பேரு வைக்க முடியாது.”

“உங்க தலைவரு என்ன சொன்னாரு?”

“வெளிய வரட்டும்ங்கறாரு.”

“அப்பறம் என்ன? பெரிய மனுசன், சொல்றாருல்ல.”

அவள் ஒரு தந்திரம் செய்தாள். அது அவளுக்குக் கை வராத வேலை. “சுவத்துக்குள்ள ஒரு இணைப்பு ஒழுகுதுன்னு உங்களுக்குத் தெரியும். யாரும் பாக்கல. அப்படியே பூசிட்டுப் போயிருவீங்களா மாமா?”

அவர் வெளியே வந்தார். முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் துரு.

“பூசியிருக்கேன்” என்றார். “நெறைய. தம்பி கட்டடத்துலயே மூணாம் மாடியில ஒண்ணு இருக்கு. நேரமில்ல, பூசச் சொன்னான், பூசினேன். இன்னி வரைக்கும் ஒழுகல.”

அவள் தரையில் சிந்திய தண்ணீரைத் துடைக்கக் குனிந்தாள்.

“அதுக்காவ நான் அயோக்கியனா?”

“அப்படிச் சொல்லல மாமா.”

“வேற என்ன சொன்ன?” முறுக்குச் சாவியைத் துணியில் துடைத்துப் பைக்குள் போட்டார். தொட்டி பாதி கழற்றியபடி கிடந்தது. “வேற வழியே இல்லியா?”

இருந்தது. தனியாக வளராத கிருமிகளுக்கென்று தற்காலிகமாக ஒரு தகுதி உண்டு. பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைப் போடுவார்கள். அதற்கு இலத்தீனில் வேட்பாளர் என்று பொருள். சொன்னாள்.

“வேட்பாளரா?”

“ஆமா மாமா. பேரு இருக்கும். ஆனா அதிகாரபூர்வமா இருக்காது.”

“தேர்தல் எப்ப?”

“தேர்தல் கிடையாது. என்னைக்காவது தனியா வளர்ந்தா ஜெயிச்ச மாதிரி.”

“ஜெயிக்கலன்னா?”

“வேட்பாளராவே இருக்கும்.”

அவர் எழுந்து போனார். போகும்போது அலமாரியிலிருந்து தம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை அவள் இதழுக்கு எழுதினாள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், காரணம் இது. இரண்டு காப்பகங்களுக்கும் எழுதினாள். எழுதியபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆகட்டும் அன்று முழுக்க அவளுக்கு வணக்கம் வைக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் ஆறுதலாகப் பேசினார்கள். ஆறுதலாகப் பேசிய ஒவ்வொருவரும் தம்தம் மேசைக்குத் திரும்பியதும் தங்கள் தட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த மாதக் கடைசியில் தம்பி வீட்டுக்கு வந்தார். வாசனைத் தைலமும் பெரிய குரலுமாக உட்கார்ந்தார். மருமகள் டீ கொண்டுவந்து வைத்தாள்.

“என்ன அண்ணே, கிருமி வெளிய வந்துருச்சா? என் கட்டடத்துலதான பொறந்துச்சு, எம் பேரையும் கொஞ்சம் சேத்துருக்கலாம்ல?”

குழாய்க்காரர் தன் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“வந்துருச்சு” என்றார்.

“வந்துருச்சா? புஸ்தகத்துலயா?”

“புஸ்தகத்துலதான். உலகம் பூரா போவுது.” மருமகளை நிமிர்ந்து பார்த்தார். “ஏம்மா?”

அவள் கையில் காலித் தட்டு இருந்தது. கணவர் அவசரமாக வேறெங்கோ பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பூகோளம் ஏதாவது இருந்திருக்கும். முன்பின் பார்த்திராத பத்திரிகை ஆசிரியருக்கும், முகம் தெரியாத இரண்டு காப்பகத்தாருக்கும் உண்மையை எழுதியவள், நாலு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் அதைச் சொல்லவில்லை.

“ஆமா சின்ன மாமா” என்றாள்.

தம்பி அண்ணனின் தோளில் தட்டினார். ஒரு பிரதி வேண்டும், சட்டம் போட்டுக் கட்டட வாசலில் மாட்டப்போகிறேன் என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருக்கலாம்.

தம்பி போனபிறகு குழாய்க்காரர் மீந்த டீயோடு தம்ளரைத் தன் அறைக்கு எடுத்துப்போனார். மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார்.

“உங்க ஆபீசுக்கு வர்றேன்” என்றார். “அதப் பாக்கணும்.”

ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கை கழுவும் தொட்டியைக் குனிந்து பார்த்தார். “இந்த வளைவ எவன் போட்டான்? தண்ணி எப்படிப் போவும்?” என்றார். பிறகு நுண்ணோக்கியின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்தார். அவள் கண்ணாடிச் சில்லில் ஒரு துளி வைத்துச் சரி செய்தாள்.

“கறுப்பா முள்ளு முள்ளா இருக்கு.”

“அது உங்க கண் இமை மாமா. கொஞ்சம் தள்ளிப் பாருங்க.”

தள்ளினார். மூச்சு விடாமல் பார்த்தார். ஆகட்டும் கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் போனார்.

“இதுல எது நானு?”

“குட்டையா இருக்கறது.”

“நெட்டையா ஓடுதே?”

“அது மத்தது. பழைய ஆளு.”

“அவன் பேரு?”

சொன்னாள். அதுவும் யாரோ ஒரு மனிதரின் பெயரில் இலத்தீன் வால் ஒட்டியதுதான்.

“யாரு அவன்?”

“தெரியல மாமா. ரொம்ப காலம் முந்தி இருந்தவரு.”

“உனக்கே தெரியலையா?”

“தேடினாத் தெரியும். தேடினதில்ல.”

மறுபடி பார்த்தார். குட்டையானவை ஓரிடத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தன. நெட்டையானவை அவற்றை இடித்துக்கொண்டு போயின, வந்தன.

“நெட்டைய எடுத்துட்டா?”

“குட்டை செத்துரும்.”

“குட்டைய எடுத்துட்டா நெட்டைக்கு?”

“அதுக்கு ஒண்ணும் ஆகாது மாமா.”

இதைக் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம் என்று சொன்ன மறுகணமே அவளுக்குத் தோன்றியது. அவர் கண்ணை எடுக்கவில்லை. நுண்ணோக்கியின் வளையம் கண்ணைச் சுற்றிப் பதியும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தார்.

“அவன் சோத்துலதான் இது உயிரோட இருக்குதா?”

“சோறுன்னு இல்ல. ஏதோ ஒண்ணு கொடுக்குது. என்னன்னு இன்னும் கண்டுபிடிக்கல.”

“அதான். அவன் கொடுக்கறான்.” முக்காலியிலிருந்து இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “எம் பேர எடுத்துரு.”

“மாமா, வேட்பாளர்னு போட்டா பேரு...”

“வேட்பாளரும் வேணாம். ஒண்ணும் வேணாம். எடுத்துரு.”

“அப்ப சின்ன மாமா கேட்டா?”

“அத நான் பாத்துக்கறேன். பூசத் தெரியும்ல எனக்கு.”

வெளியே போனவர் பேருந்து நிறுத்தத்துக்கு வழி கேட்கவில்லை. அவள் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்விட்டு, கையுறையோடு தெருவுக்கு வரக்கூடாது என்று நினைவு வந்து திரும்பினாள்.

கட்டுரையை மறுபடி எழுதியிருக்கிறாள். இரண்டு கிருமிகள், எது யாரைச் சார்ந்திருக்கிறது, எந்தச் சூட்டில் பொடிப்புள்ளி தெரிகிறது, அவள் எங்கே தவறினாள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பெயர் வர வேண்டிய இடம் மட்டும் காலி. ஆகட்டும் ஒருநாள் தேநீர் இடைவேளையில் தன்னுடைய பெயர் எவ்வளவு சின்னது, இலத்தீன் வால் எவ்வளவு பொருத்தமாக ஒட்டும் என்று பொதுவாகப் பேசிப் பார்த்தார். அவள் கேட்காததுபோல் தட்டுகளை அடுக்கினாள். பெயரில்லாமல் கட்டுரை போகாது. அனுப்பாமல் வைத்திருந்தால் வேறு ஊரில் வேறு யாராவது வேறொரு குழாயை அறுத்துவிடுவார்கள்.

நேற்று அவரிடமே கேட்டாள். அவர் அந்தச் சமையலறைத் தொட்டியை ஒருவழியாக மாட்டி முடித்திருந்தார்.

“மாமா, வேற யாரு பேர வைக்கறது? நீங்களே சொல்லுங்க.”

தண்ணீரைத் திறந்துவிட்டு இணைப்புக்கு அடியில் விரலை வைத்துப் பார்த்தார். ஒழுகவில்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“இத்தன காலமும் பேரில்லாமதான இருந்துச்சு” என்றார். “நீ வந்துதான் நோண்டின.”

அவள் இன்னொரு தட்டை இழுத்துவைக்கலாம் என்று ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை, ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கும் என்பது பேருந்து நிறுத்தத்தில் போய் நின்ற பிறகுதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குத் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.